வண்டிதூக்கி வீட்டுக் குற்றாலலிங்கம் ஓடின ஓட்டம்

என் பேரு கோலப்பன். வயசு இருவத்திநாலு. இப்பம் இருக்கது தோஹாவுல, கம்பெனி குடுத்த ரூம்ல. கட்டில்ல உக்காந்து போன்ல பேசுதேன், அது எழுதிக்கிடுது. எங்கயாவது தப்பு தப்பா எழுதியிருந்தா ஏசாதீங்க. போன வாரம் குரூப்புல சின்னம்மை கேட்டாங்கல்லா, பாட்டா சாலைத் தெருவுல மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு ஓடுனது நெசந்தானான்னு. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னீங்க. நான் பாட்டா வாயால கேட்டதச் சொல்லிருதேன். பாட்டான்னா நம்ம மனசுல வெள்ளத்தலையோட ஒரு ஆளு வந்து நிப்பாரு. அந்த ஆளு இதுல இல்ல. இதுல உள்ளது இருவத்தோரு வயசு ஒல்லி. அதனால பேரச் சொல்லியே சொல்லுதேன்.

குற்றாலலிங்கம் பூதப்பாண்டில இருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தது ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அம்பத்தி ரெண்டுல. சாலைக் கடைத்தெருவுல நயினார் பிள்ளையோட அரிசி மண்டில வேலை. வாற மூட்டையில குத்தூசியச் சொருகி, அந்தக் குழாய் வழியா உள்ளங்கையில விழுற அரிசியப் பாத்து, பழசா புதுசா, நொய் எவ்வளவு, கல்லு எவ்வளவுன்னு சொல்லணும். அதுல கெட்டிக்காரரு. ரெண்டு அரிசியக் கடிச்சுப் பாத்தே எந்த ஆத்துத் தண்ணில வெளைஞ்சதுன்னு சொல்லிருவாரு. ஆனா மூட்டையக் குத்தத் தெரியுமே தவிர, ஒரு நாளும் தூக்குனது கிடையாது. அதுக்கு சுமட்டுக்காரங்க இருக்காங்க. அவங்களுக்கு மூப்பன் வேலப்பன். கழுத்து இருக்க வேண்டிய எடத்துலயும் அவருக்குத் தோளுதான் இருக்கும்.

குற்றாலலிங்கத்துக்கு எல்லாத்துக்கும் பயம். தெரு கடக்க மூணு தடவ ரெண்டு பக்கமும் பாப்பாரு. கூட்டத்துல தும்மல் வந்தா, யாரும் ஏதும் நெனச்சுக்கிடுவாங்களோன்னு அடக்கிக்கிடுவாரு.

மண்டிக்கு எதிர்த்தாப்புல இரும்புக்கடை. தாணுமாலயன் பிள்ளையோட கடை. சாயங்காலம் வெயில் தாந்ததும் அவரு இங்க வந்து ஒரு அரிசி மூட்டை மேல ஏறி உக்காந்துருவாரு. அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், பலசாலிக் கதை. எவன் என்னத்தத் தூக்குனான், எவன் எவ்வளவு தூரம் ஓடுனான், அதுதான் பேச்சு.

"விழிஞ்ஞத்துல ஒரு மீன்காரி இருந்தா கேட்டுக்கிடுங்க. வலை கரைக்கு வந்ததும் கூடையத் தலையில வச்சான்னா, பத்து மைலும் ஒரே ஓட்டம். சாலைல வந்து எறக்கும்போது மீனு துடிச்சுக்கிட்டே கெடக்கும். வாங்குனவன் வீட்டுல போயி அத அடிச்சுக் கொல்லணும்" என்பாரு.

"ஸ்ரீவராகத்துல வெங்கடேஸ்வரன்னு ஒரு சமையக்காரரு. நூறு பேருக்கு ஆகுற பாயச உருளிய அடுப்புல இருந்து ஒத்த ஆளா எறக்குவாரு. ரெண்டு கையும் உருளியப் பிடிச்சிருக்கும்போது மூக்குல ஈ வந்து உக்காந்துது. என்ன செஞ்சாரு? ஒத்தக் கையில உருளிய மாத்திக்கிட்டு ஈய வெரட்டுனாரு!"

யாரும் சிரிக்கக் கூடாது. சிரிச்சா அன்னைக்குக் கதை கிடையாது.

ஒரு நாள் அவரு குற்றாலலிங்கத்தப் பாத்து, "தம்பி, பூதப்பாண்டில எந்த வீடு?"ன்னு கேட்டாரு.

"வண்டிதூக்கி வீடுன்னு சொல்லுவாங்க."

தாணுமாலயன் பிள்ளை மூட்டைல இருந்து எறங்கி நின்னுட்டாரு. "வண்டிதூக்கி கோலப்பன் வீடா? ஆரல்வாய்மொழிக் கணவாயில, ஆடிக் காத்துல, சேத்துல பொதைஞ்ச வண்டிய முதுகு குடுத்துத் தூக்குன கோலப்பனா?"

"எங்க பூட்டன்."

"பன்னிரண்டு மூட்டை நெல்லு! ரெண்டு காளை! வண்டிக்காரன் மேல படுத்து ஒறங்கிக்கிட்டு இருந்தான், அவன் முழிக்கவே இல்லைல்லா?"

குற்றாலலிங்கத்துக்கு இங்கதான் தப்பு நடந்துச்சு. அவருக்குத் தெரியும். வீட்டுல அம்மை சொல்லியிருக்கா, வண்டிய நாலு பேரு சேந்துதான் தூக்குனாங்க, கோலப்பன் அதுல ஒருத்தர், மத்த மூணு பேரும் வெளியூர்க்காரங்க, அதனால பேரு இவருக்கு வந்துட்டுதுன்னு. அதச் சொல்லியிருக்கலாம். ஆனா அந்த நேரம் எதுத்த கடை வாசல்ல சிவகாமி நின்னுக்கிட்டு இருந்தாங்க. தாணுமாலயன் பிள்ளையோட மக. தெனமும் மத்தியானம் அப்பாவுக்குத் தூக்குவாளில சோறு கொண்டு வருவாங்க, சாயங்காலம் வாளிய எடுத்துக்கிட்டுப் போவாங்க. ரெண்டு மாசமா அந்த ரெண்டு நேரத்துக்காகத்தான் குற்றாலலிங்கம் தலை சீவிக்கிட்டு இருந்தாரு.

"ஆமா, முழிக்கல"ன்னு சொல்லிட்டாரு.

ஒரு வாரம் கழிச்சு தாணுமாலயன் பிள்ளை நயினார் பிள்ளைகிட்ட நேராக் கேட்டுட்டாரு. "ஆரல்வாய்மொழியில இருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கு. ஆனா எனக்கு இந்தப் பையன் மேல ஒரு கண்ணு. ஒடம்பப் பாத்தா ஊதுபத்தி மாதிரி இருக்கான். அந்த ரத்தம் உள்ள ஓடுதான்னு பாக்கணும். இந்த வருசம் மூட்டை ஓட்டத்துல உம்ம கடைக்கு இவன நிறுத்தும். ஜெயிக்க வேண்டாம். எறக்காமக் கொண்டுபோயிச் சேத்தாப் போதும், பொண்ணக் குடுத்துருதேன்."

சரசுவதி பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் சாலைல அந்த ஓட்டம் நடக்கும். கடைக்கு ஒரு ஆளு. முழு அரிசி மூட்டையத் தலையில ஏத்தி விடுவாங்க. கிழக்கேகோட்டைல தொடங்கி கிள்ளிப்பாலம் வரைக்கும், முக்கா மைலு, வழியில எறக்கப்படாது. இதுவரைக்கும் சுமட்டுக்காரங்கதான் ஓடியிருக்காங்க. குத்தூசிக்காரன் எவனும் ஓடுனது கிடையாது.

குற்றாலலிங்கத்துக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. மத்தியானம் யாரும் இல்லாத நேரம் கிடங்குக்குள்ள போயி ஒரு மூட்டையக் கெட்டிப் பிடிச்சு இழுத்தாரு. மூட்டை அசையல. குனிஞ்சு, முதுகு குடுத்து, கோலப்பன நெனச்சுக்கிட்டு ஒரு தம் பிடிச்சாரு. இடுப்புல வேட்டி அவுந்ததுதான் மிச்சம்.

"எந்தா தம்பி, மூட்டையக் கெட்டிப் பிடிச்சு ஒறங்குதியா?" பின்னால வேலப்பன் நிக்காரு.

குற்றாலலிங்கம் எல்லாத்தையும் கொட்டிட்டாரு. கல்யாணம், கோலப்பன், ஆரல்வாய்மொழி மாப்பிள்ளை, ரெண்டு மாசமாத் தலை சீவுனது வரைக்கும். வேலப்பன் தலையச் சொறிஞ்சாரு. "பேடிக்கண்டா. பயப்படாத. உன் தலையில ஏத்தி விடுறது நான்தானே. நீ ஒண்ணு மட்டும் செய்யி. மெல்ல நட. முனகிக்கிட்டே நட. எக்காரணம் கொண்டும் ஓடப்படாது, கேட்டியா?"

அவரு என்ன நெனச்சுச் சொன்னாருன்னு குற்றாலலிங்கத்துக்குப் புரியல. சுமட்டுக்காரங்க தொழில் புத்தின்னு நெனச்சுக்கிட்டாரு.

மறுநாள் தூக்குவாளியோட வந்த சிவகாமி, மண்டி வாசல்ல ஒரு நிமிசம் நின்னாங்க. அரிசி பாக்க மாதிரி ஒரு கை அள்ளிக்கிட்டே, "நெசமாவே தூக்குவியளா?"ன்னு கேட்டாங்க.

"எங்க பூட்டன்..."

"பூட்டனக் கேக்கல. உங்களக் கேட்டேன்."

"முயற்சி பண்ணுதேன்."

"ஆரல்வாய்மொழி ஆளு வந்து பாத்துட்டுப் போனாரு. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு. அவரோட மீசையப் பத்தி மட்டும்தான் பேசுனாரு." அரிசியத் திரும்பப் போட்டுட்டு, "கால் இடறாமப் போங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ஓட்டத்தன்னைக்கு நாலு மணிக்கு கிழக்கேகோட்டைல எட்டு ஆளு நிக்காங்க. ஏழு ஆளு ஆலமரம் மாதிரி, நடுவுல குற்றாலலிங்கம், நட்டு வச்ச கொம்பு மாதிரி. கடைக்காரங்க, பூக்காரங்க, கோயிலுக்கு வந்தவங்க எல்லாம் ரெண்டு பக்கமும் கூடிட்டாங்க. வாட்ச் ரிப்பேர் கடை நேசமணி, ஒரு கையில வாட்ச், ஒரு கையில சைக்கிள் ஹேண்டில்பாரு, கூடவே வந்து நேரம் பாக்கப் போறாரு. தாணுமாலயன் பிள்ளை ஏற்கனவே கிள்ளிப்பாலத்துல போயி நின்னுட்டாரு. சிவகாமி அங்க ஒரு கடைப்படில, பொம்பளைங்க கூட்டத்தோட.

"எலே, இந்தக் குச்சிக்கு மேலயா மூட்டைய வைக்கப் போறீங்க? ஒடிஞ்சுரும்லே!"ன்னு ஒருத்தன் கத்துனான். எல்லாரும் சிரிச்சாங்க.

வேலப்பன் சும்மாட்டத் தலையில அமுக்கி வச்சாரு. இன்னொரு ஆளும் சேந்து மூட்டையத் தூக்கி ஏத்துனாங்க. குற்றாலலிங்கம் கண்ண இறுக்க மூடிக்கிட்டாரு, கழுத்து ஒடியப் போற சத்தத்தக் கேக்கதுக்கு. ஒடியல. கனமாத்தான் இருந்துச்சு. ஆனா முட்டி மடங்கல. ஒரு எட்டு வச்சாரு. கால் போச்சு. இன்னொண்ணு வச்சாரு. அதுவும் போச்சு.

அவரு மனசுல என்ன வந்துச்சுன்னா, ரெண்டு நாளைக்கு முன்ன அசைக்கக்கூட முடியாத மூட்டை இது, இன்னைக்குத் தலையில நிக்கிது. அப்பம் இது யாரு பலம்? பூட்டன் வந்துட்டாரு! அம்மை சொன்னதுதான் தப்பு, நாலு பேரும் இல்ல, ஒரு பேரும் இல்ல, கோலப்பன் ஒத்த ஆளாத்தான் தூக்கியிருக்காரு, இப்பம் எம் முதுகுல வந்து எறங்கியிருக்காருன்னு அப்படியே நம்பிட்டாரு.

விசில் ஊதுனதும் ஓடுனாரு பாருங்க!

"ஓடாத தம்பி! நட! நட!"ன்னு வேலப்பன் பின்னாலயே கத்திக்கிட்டு வாறாரு. பாவம், அண்ணாச்சி நமக்காகப் பயப்படுதாருன்னு நெனச்சுக்கிட்டு குற்றாலலிங்கம் இன்னும் வேகத்தக் கூட்டுனாரு. பூக்கடை போச்சு. பாத்திரக்கடை போச்சு. துணிக்கடைல தொங்குன முண்டு எல்லாம் அவரு போன காத்துல ஆடுச்சு. முன்னால போயிக்கிட்டு இருந்த ரெண்டு சுமட்டுக்காரங்க, பின்னால என்ன சத்தம்னு திரும்பிப் பாக்கதுக்குள்ள அவங்களத் தாண்டிட்டாரு. நேசமணி சைக்கிளக் கெந்திக் கெந்தி மிதிக்காரு. "எந்தம்மோ! ஆளா இது!"ன்னு கத்துதாரு. மிதிச்சும் பின்னாலதான் வாறாரு.

வாழ்க்கைல மொத தடவ குற்றாலலிங்கத்துக்கு எதுக்கும் பயம் இல்ல. தெருவுல ஆளுங்க அலறுதாங்க, கையத் தட்டுதாங்க, சிரிக்காங்க. எல்லாம் நம்ம பலத்தப் பாத்துத்தான்னு அவரு நெனப்பு. பின்னால ஆட்டுச் சத்தம், கோழிச் சத்தம் எல்லாம் கேக்குது. கோலப்பனுக்கு மிருகங்களும் மரியாதை குடுக்குன்னு நெனச்சுக்கிட்டாரு.

கிள்ளிப்பாலத்துல தாணுமாலயன் பிள்ளை கண்ணுல தண்ணியோட நிக்காரு. மூட்டைய எறக்க ரெண்டு பேரு வாறதுக்குள்ள குற்றாலலிங்கமே எறக்கி வச்சுட்டாரு. "ரத்தம்டே! ரத்தம்!"ன்னு தாணுமாலயன் பிள்ளை கட்டிப் பிடிச்சாரு. "நான் சொன்னேன்லா! கோலப்பன் வண்டியத் தூக்கிக்கிட்டு ஓடுனத நான் கண்ணால பாக்கல, இன்னைக்குப் பாத்துட்டேன்!"

அப்பம் ஒரு வெள்ளாடு வந்து மூட்டை மேல முன்னங்கால ரெண்டையும் போட்டு, தையல் பிரிஞ்ச வாயில மூஞ்சியச் சொருகிச்சு.

கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. குற்றாலலிங்கம் திரும்பிப் பாத்தாரு. கிழக்கேகோட்டை வரைக்கும் தெரு நடுவுல வெள்ளையா ஒரு கோடு. பொரி. பூசைக்கு வாங்குற பொரி. அந்தக் கோடு நெடுக ஆடு, கோழி, காக்கா, சாலைல உள்ள அத்தனையும் வரிசையா நின்னு தின்னுக்கிட்டு வருது.

வேலப்பன் மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேந்தாரு. "குற்றம் என்னோடதாக்கும் மொதலாளி. இந்தப் பையன் ஒடிஞ்சு போவானேன்னு, அடியில கால் மூட்டை அரிசி போட்டு, மேல பொரிய இறுக்கித் திணிச்சு நான்தான் தைச்சேன். இவனுக்குத் தெரியாது. மெல்லப் போடான்னு சொன்னேன். இந்த எழவெடுத்தவன் பறந்துட்டான். தையல் தாங்குமா?"

தாணுமாலயன் பிள்ளையோட முகம் கருத்துட்டுது. "என்னையப் பொரி திங்க வந்த பயலுன்னு நெனச்சியளாவே ரெண்டு பேரும்? நாளைக்கே ஆரல்வாய்மொழிக்குக் கடுதாசி போடுதேன்." துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கப் போனாரு.

வழக்கமா இந்த எடத்துல குற்றாலலிங்கம் தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒதுங்கிப் போயிருவாரு. ஆனா படில நின்ன சிவகாமி, எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்காம இவரயே பாத்துக்கிட்டு நின்னாங்க. அத அவரு பாத்துட்டாரு.

"மாமா!"ன்னு கூப்பிட்டாரு. மொதலாளின்னு சொல்லுறவரு, வாய் தவறி மாமான்னு வந்துட்டுது. "மூட்டை பொய்தான். ஒத்துக்கிடுதேன். வண்டிய எங்க பூட்டன் ஒத்த ஆளாத் தூக்குனாருன்னதும் பொய்தான், நாலு பேரு சேந்து..."

"அத மட்டும் சொல்லாத!" தாணுமாலயன் பிள்ளை காதப் பொத்திக்கிட்டாரு.

"சரி, சொல்லல. ஆனா ஓடுனது பொய்யா? தலையில ஏத்தி விட்டது வேலப்பன் அண்ணாச்சி. ஓடுனது எங் காலு. முக்கா மைலு. எறக்காம வந்துட்டேன். அரிசி முழுசா இல்லாட்டியும், நான் முழுசா வந்துட்டேன்."

ஆடு அது பாட்டுக்குக் கொறிச்சுக்கிட்டு நின்னுது.

நேசமணி சைக்கிளச் சுவத்துல சாச்சுட்டு வந்தாரு. வாட்சத் தூக்கிக் காமிச்சாரு. "பிள்ளைவாள், நான் ஒண்ணு சொல்லிருதேன். நாலே கால் நிமிசம்."

தாணுமாலயன் பிள்ளை நின்னுட்டாரு. திரும்பல, நின்னாரு. "எவ்வளவு?"

"நாலே கால். போன வருசம் வேலப்பன் ஏழு. அதுக்கு முன்னால உள்ளது ஏழரை. நான் சைக்கிள மிதிச்சேன், கர்த்தர் சாட்சியா மிதிச்சேன். என்னத் தாண்டிப் போயிட்டாரு."

"சைக்கிளையா?"

"சைக்கிளத்தான்."

"கால் மூட்டை அரிசின்னு சொன்னியே, எத்தனை ராத்தல் வரும்?" இது வேலப்பனப் பாத்து. வேலப்பன் கைய விரிச்சாரு. "தூக்குலே அத. எங் கடைத் தராசுல போடு!"

கூட்டம் மொத்தமும் திரும்ப இரும்புக்கடைக்கு ஊர்வலமாப் போச்சு. ஆடு தின்னது போக மிஞ்சுன மூட்டைய ஆணி நிறுக்கிற பெரிய தராசுல ஏத்துனாங்க. அம்பது ராத்தல் நின்னுது. தாணுமாலயன் பிள்ளை தராசு முள்ளையே பாத்துக்கிட்டு, "அம்பது ராத்தல்... முக்கா மைலு... நாலே கால்... சைக்கிளு..."ன்னு முனகிக்கிட்டே இருந்தாரு. கோவமா இருக்கணும்னு நெனக்காரு, மூஞ்சி கேக்க மாட்டேங்குது. விழிஞ்ஞத்து மீன்காரி கதை, உருளி கதை எல்லாம் யாரோ சொல்லிக் கேட்டது. இது அவரு கண்ணு முன்னால நடந்தது. அதும் வாட்ச் வச்சு.

பின்னால இருந்து சிவகாமி, "அப்பா, ஆரல்வாய்மொழிக்குக் கடுதாசி எழுதும்போது, அந்த மாப்பிள்ளை முக்கா மைல எத்தனை நிமிசத்துல ஓடுவாருன்னு ஒரு வரி கேட்டு எழுதுங்க"ன்னாங்க.

அவ்வளவுதான், தாணுமாலயன் பிள்ளை அடக்கி வச்சிருந்த சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துட்டுது. தராசுச் சங்கிலியப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சு, மூக்கச் சிந்திக்கிட்டு, குற்றாலலிங்கத்தப் பாத்து, "வே, நாளைக்குப் பூசைக்கு வீட்டுக்கு வாரும். அம்மைக்கும் ஆள் அனுப்பி வரச் சொல்லும். பொரி கொண்டு வர வேண்டாம், அது எல்லா ஆட்டுக்கும் குடுத்தாச்சு"ன்னாரு.

தை மாசம் கல்யாணம். வேலப்பன் ஒத்த ஆளா சாம்பார் அண்டாவ எறக்குனாரு, அது நெசம், அதுக்குச் சாட்சி உண்டு.

அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருசம் தாணுமாலயன் பிள்ளைக்கு இரும்பு வியாபாரத்த விட இந்தக் கதை வியாபாரம்தான் பெருசு. மொதல்ல சொல்லும்போது பொரியும் கால் மூட்டை அரிசியும்னு சொல்லுவாரு. அடுத்த வருசம் அரை மூட்டை ஆச்சு. அதுக்கடுத்த வருசம் பொரியே காணோம், முழு மூட்டை சம்பா அரிசி, நேசமணி சைக்கிள் மோட்டார் சைக்கிள் ஆயிட்டுது, பின்னால ஓடி வந்த ஆடு எல்லாம் மரியாதைக்கு வந்த ஆடு. ஒரு நாள் மண்டில பத்துப் பேரு வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு இருக்கும்போது, குற்றாலலிங்கம் மெதுவா, "மாமா, பொரி"ன்னாரு.

"நீரு சும்மா இரும் மாப்பிள்ளை. உமக்கு என்ன தெரியும்? நீரு ஓடிக்கிட்டுல்லா இருந்தீரு. நின்னு பாத்தது நான்"ன்னுட்டு அவரு பாட்டுக்குக் கதையில இன்னொரு மூட்டைய ஏத்துனாரு.

இதுதான் நான் கேட்டது. இத வாசிக்கது யாரா இருந்தாலும், சூடாமணி அத்தைக்குக் கண்ணு ஆபரேஷன் ஆகியிருக்குல்லா, போனப் பாக்கப்படாதாம். பக்கத்துல உக்காந்து அவங்களுக்குச் சத்தமா வாசிச்சுக் காமிச்சிருங்க.